பதினாலு, இருபத்தெட்டு, பதினாலு

"ஊசி போட்டதுக்கு அப்புறம்தான் கன்னுக்குக் காய்ச்சலே வந்தது." ஒரு வருடம் முழுக்க, பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஊசி போட்டது உண்மை. ஐந்தாம் நாள் மூன்று கன்றுகள் சுருண்டது உண்மை. அதில் ஒன்று பிழைக்கவில்லை என்பதும் உண்மை. இவற்றை நான் கோத்த விதம்தான் தப்பு.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு கிடாரிக் கன்றுகள். எல்லாம் ஏழெட்டு வார வயது. தனித்தனித் தடுப்பில் வளர்ந்தவற்றை ஒரே பொதுக் கொட்டிலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. எப்படியும் ஒருமுறை பிடிக்கப்போகிறோம், ஒவ்வொரு வேலைக்கும் தனியாகத் துரத்திப் பிடிப்பானேன் என்று கணக்குப் போட்டேன். காலையில் கொம்பு சுட்டாயிற்று. கையோடு நிமோனியாவுக்கான தடுப்பூசி. கையோடு இடமாற்றம். அன்று மாலையிலிருந்து பாலும் பாதி. ஒரே நாளில் நான்கு வேலை முடிந்ததே என்ற திருப்தியில் கை கழுவிவிட்டு வந்து படுத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை. வாளிச் சத்தம் கேட்டால் முட்டி மோதிக்கொண்டு வருகிற கூட்டம் அது. ஒன்று மட்டும் சுவரோரமாக நின்றது. கழுத்து முன்னால் நீண்டு, தலை தாழ்ந்து, காது இரண்டும் தொங்கிக் கிடந்தன. பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தேன். விலாவுக்கு மேல் தோல் வேகவேகமாக ஏறி இறங்கியது. எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டியது. கன்று சும்மா நிற்கும்போது முப்பது, முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டியது. தெர்மாமீட்டர் 40.8 டிகிரி செல்சியஸ் காட்டியது. மதியத்துக்குள் இன்னும் இரண்டு அதே மாதிரி நின்றன. அதில் ஒன்று நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளது. அதற்குப் பெயரே வெள்ளைநெத்தி. அதைப் பற்றி அப்புறம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்து தொடங்கியும் முதல் கன்று இரண்டு நாளில் போய்விட்டது. டாக்டரம்மா அதைக் கொட்டிலுக்குப் பின்னால் வைத்து அறுத்துப் பார்த்தார். அதுவரை நான் நுரையீரலை நேரில் பார்த்ததில்லை. பின்பகுதி வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது, தொட்டால் பஞ்சுபோல அமுங்கியது. முன்பக்கத்துக் கீழ் மடல்கள் மட்டும் கருஞ்சிவப்பு. கல்லீரல் மாதிரி கெட்டி. இரண்டுக்கும் நடுவே எல்லை, கோடு கிழித்தாற்போல இருந்தது. மேலே மஞ்சளாக ஒரு சவ்வு படிந்து, விரலால் உரித்தால் உரிந்து வந்தது. கெட்டியான இடத்தில் விரற்கணு அளவு ஒரு துண்டு வெட்டி, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் போட்டார். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. ரோஜா நிறப் பகுதியிலிருந்து இன்னொரு துண்டு. அது மிதந்தது.

"மிதக்கிற பாகத்தை வெச்சுத்தான் கடைசி வரைக்கும் மூச்சு விட்டிருக்கு" என்றார்.

நான் உடனே என் வழக்கைத் தொடங்கினேன். ஊசி போட்டும் இப்படி ஆகிவிட்டதே, மருந்து சரியில்லையா, போலியா, காலாவதியா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் மருந்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "எந்த நாள் போட்டீங்க?" என்றார். சொன்னேன். "அன்னைக்கு வேற என்னென்ன செஞ்சீங்க?" அதையும் சொன்னேன். பதில் எதுவும் வரவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே வாளியைப் பார்த்தார். அந்த மௌனத்துக்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதுவரை பழியை ஊசி மேலேயே வைத்திருந்தேன்.

சரி, அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவே இல்லை. கன்றுகளின் நுரையீரலைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானவை நான்கு: மன்ஹைமியா ஹீமோலிட்டிகா, பாஸ்சுரெல்லா மல்டோசிடா, ஹிஸ்டோபிலஸ் சோம்னி, மைக்கோபிளாஸ்மா போவிஸ். இவற்றில் முதல் இரண்டும் நல்ல ஆரோக்கியமான கன்றின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருப்பவை. வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரர்கள் மாதிரி, இருப்பதே தெரியாது. கன்றுக்கு ஓர் அதிர்ச்சி வரட்டும், இடமாற்றம், நீண்ட பயணம், பால் நிறுத்தம், குளிர், அல்லது மூச்சுக்குழாயின் உட்சுவரைச் சிதைக்கும் ஏதாவது வைரஸ், உடனே ஆட்டம் மாறும். மன்ஹைமியாவில் பல வகைகள் உண்டு. நல்ல நாளில் மூக்கில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதிர்ச்சிக்குப் பிறகு சில நாட்களிலேயே முதலாம் வகை பெருகி இடத்தைப் பிடிக்கும். பிறகு ஒவ்வொரு மூச்சிலும் நுண்ணிய துளிகளாக உள்ளே இறங்கும்.

இறங்கியது நுரையீரலின் முன்மடலில்தான் முதலில் தங்கும். மாட்டின் உடம்புக்கும் அதற்கு வேண்டிய பிராணவாயுவுக்கும் அதன் நுரையீரல் சின்னது. போதாக்குறைக்கு உள்ளே சின்னச் சின்ன அறைகளாகத் தடுப்புப் போட்டு வைத்திருக்கிறது. ஓர் அறைக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டால் பக்கத்து அறையிலிருந்து காற்று கசிந்து வர வழியில்லை. அந்த அறை அவ்வளவுதான்.

மன்ஹைமியாவிடம் ஒரு நஞ்சு இருக்கிறது. லூக்கோடாக்ஸின், அதாவது வெள்ளையணுக்கொல்லி. அசைபோடும் விலங்குகளின் வெள்ளையணுக்கள் மேல் உள்ள ஒரு புரதத்தை அடையாளம் கண்டு ஒட்டிக்கொண்டு, அணுவில் துளை போட்டு உடைத்துவிடும். மனித வெள்ளையணுவை அது ஒன்றும் செய்யாது. கன்றின் உடம்பு என்ன செய்யும்? கிருமி வந்திருக்கிறது என்று மேலும் மேலும் வெள்ளையணுக்களை அனுப்பும். வந்தவை உடைய உடைய, அவற்றுக்குள் இருந்த அரிக்கும் பொருட்களெல்லாம் நுரையீரலின் மேலேயே கொட்டும். வாளியில் மூழ்கிய அந்தத் துண்டைக் கெட்டியாக்கியதில் கிருமியின் பங்கும் உண்டு, காவலுக்கு வந்த படையின் பங்கும் உண்டு.

இந்த நஞ்சு பற்றித் தெரியாத காலத்தில் போட்ட தடுப்பூசிகள் தோற்றதற்கும் இதுதான் காரணம். கிருமியை வளர்த்து, கொன்று, அப்படியே ஊசியில் ஏற்றினார்கள். கிருமியின் உடல் இருந்தது, அது வெளியே கக்கும் நஞ்சு இல்லை. ஊசி போட்ட கன்றுகள் போடாதவற்றைவிட மோசமாகப் படுத்த பரிசோதனைகள்கூட உண்டு. 1980களில்தான் நஞ்சையும் செயலிழக்கச் செய்து சேர்க்கலாம் என்ற வழி வந்தது. இன்னொரு வழியும் எனக்குப் பிடித்தமானது. உடம்புக்குள் இரும்புச் சத்து கிருமிக்கு எளிதில் கிடைக்காது, கன்றின் புரதங்கள் அதைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி கிடக்கும் கிருமி, இரும்பைப் பிடுங்குவதற்கென்றே சில புரதங்களைத் தன் மேல்தோலில் முளைக்க வைக்கும். கண்ணாடிக் குடுவையில் செழிப்பாக வளர்ந்த கிருமியிடம் அவை இருக்காது. ஆகவே சில தடுப்பூசிகளுக்கு வேண்டிய கிருமியை இரும்பைக் குறைத்து, பட்டினி போட்டே வளர்க்கிறார்கள். உடம்புக்குள் எந்த முகத்தோடு வருமோ அதே முகத்தைக் கன்றுக்குக் காட்டிக்கொடுக்க.

இந்தக் கிருமிக் குடும்பத்துக்கும் தடுப்பூசிக்கும் உறவு பழையது. லூயி பாஸ்டர் 1880 வாக்கில், ஆய்வுக்கூடத்தில் கிடந்து பழசாகி வலுவிழந்த கிருமியைக் கோழிகளுக்கு ஏற்றியபோது அவை சாகவில்லை, பின்னால் வீரியமான கிருமியைக் கொடுத்தும் சாகவில்லை. அந்தக் கோழிக் காலராக் கிருமிதான் இன்றைய பாஸ்சுரெல்லா மல்டோசிடா. பாஸ்டரின் பெயரையே தாங்கி நிற்கிறது. மன்ஹைமியாவும் அந்தப் பெயரில்தான் இருந்தது. 1999இல் பிரித்து, வால்டர் மன்ஹைம் என்ற ஜெர்மானிய நுண்ணுயிரியலாளரைச் சிறப்பிக்கும் விதமாக வேறு பெயர் வைத்தார்கள். பழைய புத்தகங்களைப் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் குழப்பம் மிச்சம்.

குழப்பம் என்றதும் இன்னொன்று. "தொண்டை அடைப்பானுக்குத்தான் ஊசி போட்டாச்சே, அதுவும் பாஸ்சுரெல்லாதானே, அப்புறம் எதற்கு இது?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். கிருமியின் பெயர் ஒன்றுதான். ஆனால் தொண்டை அடைப்பானை உண்டாக்குவது ஆசியாவில் பி வகை, ஆப்பிரிக்காவில் இ வகை. கன்றின் நுரையீரலைப் பிடிப்பது பெரும்பாலும் ஏ வகை. ஒன்றுக்குப் போட்ட ஊசியை நம்பி இன்னொன்றுக்குச் சும்மா இருக்க முடியாது. குப்பியில் பெயரைப் படித்தால் போதாது, வகையையும் படிக்க வேண்டும்.

இப்போது என் ஊசிக்கு வருகிறேன். நான் போட்டது செயலிழந்த கிருமியைக் கொண்ட, இரண்டு தவணை மருந்து. முதல் தவணை கன்றின் உடம்புக்கு ஒரு அறிமுகம் மட்டும். நான்கு வாரம் கழித்து இரண்டாவது. அதற்கும் இரண்டு வாரம் கழித்துத்தான் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியும். இதே கணக்கில் என் கன்றுகள் ஐந்தாம் நாள் எங்கே இருந்தன? பரீட்சைக்கு முந்தின ராத்திரி ட்யூஷன் சேர்த்துவிட்டு, மார்க் வரவில்லை என்று வாத்தியாரைத் திட்டியிருக்கிறேன்.

போதாததற்கு அன்றைக்குக் கொம்பு சுட்ட வலி, புது இடம், புதுக் கூட்டாளிகள், பால் குறைப்பு. இத்தனையும் சேர்ந்தால் கன்றின் ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். கார்டிசால் ஏறினால் எதிர்ப்புச் சக்தி அமுங்கும். அமுங்கிய உடம்பு ஊசியிலிருந்து எதையும் சரியாகக் கற்றுக்கொள்ளாது, மூக்கில் குடியிருக்கும் கிருமியையும் அடக்காது. அந்த நான்கு வேலைகளில் ஊசி ஒன்றுதான் கன்றுக்கு நல்லது செய்ய வந்தது. மற்ற மூன்றும் அதன் வாயைப் பொத்திவிட்டன. கொம்பு சுடுவதை இப்போது முன்னதாகவே, மரத்துப்போகும் ஊசியும் வலி மருந்தும் கொடுத்து முடித்துவிடுகிறேன், ஊசி நாளுக்குப் பக்கத்தில் வராமல்.

அப்படியானால் பிறந்த அன்றே போட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் சீம்பால் குறுக்கே வருகிறது.

மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்புப் புரதங்களை வயிற்றில் இருக்கும்போதே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அதற்கு விடுவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. வேண்டியதெல்லாம் சீம்பாலில்தான். அதுவும் குடலின் சுவர் அந்தப் பெரிய புரதங்களை முழுசாக உள்ளே விடுவது முதல் சில மணி நேரம்தான், போகப்போகக் கதவு சாத்திக்கொண்டே வரும். ஒரு நாளில் அநேகமாகப் பூட்டிவிடும். முதல் ஆறு மணி நேரத்துக்குள், எடையில் பத்தில் ஒரு பங்கு. 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர். தரத்தைப் பார்க்கப் பிரிக்ஸ் மானி என்று கையடக்கமாக ஒன்று இருக்கிறது. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் 22க்கு மேல் காட்ட வேண்டும். கன்றின் ரத்தத்தில் லிட்டருக்கு 10 கிராம் எதிர்ப்புப் புரதம் ஏறினால் தேறியது என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020இல் வெளியான அளவுகோலில் 25 கிராமுக்கு மேல் இருந்தால்தான் மிகச் சிறப்பு, 10 என்பது சுமாரின் தொடக்கம் மட்டுமே. நான் அந்த மானியை வாங்கிய முதல் வாரம், கெட்டியாக மஞ்சளாகத் தெரிந்த ஒரு சீம்பால் 17 காட்டியது. கண்ணை நம்புவதை அன்றோடு விட்டேன்.

இந்தத் தாய்ப் புரதங்கள் காவலுக்கு நிற்கிறவரை கன்றுக்கு நல்லது. ஆனால் ஊசி வழியாக வரும் கிருமியையும் அவை எதிரியென்றே நினைத்து மூடிவிடும். கன்றின் சொந்தப் படை அதைப் பார்க்கிற வாய்ப்பே குறைந்துபோகும். அதற்காக ஒன்றும் பதியாது என்றில்லை. ரத்தப் பரிசோதனையில் தெரியாவிட்டாலும் ஓரளவு நினைவு பதிவது உண்டு. தாய்ப் புரதம் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். கன்றின் சொந்தக் கை ஓங்க மாதங்கள் ஆகும். ஒன்று இறங்கி முடிந்து இன்னொன்று ஏறாத அந்த இடைவெளியில்தான் இருமல் சத்தம் கேட்கத் தொடங்கும். சீம்பால் நன்றாகக் குடித்த கன்றுக்கு ஊசி சற்றுத் தாமதமாகவும், குடிக்காததற்குச் சீக்கிரமாகவும் வேண்டியிருக்கிறது என்றால், ஒரே தேதியை எல்லாக் கன்றுக்கும் எப்படிப் பொருத்துவது? முடியாதுதான். குத்துமதிப்பான சமரசம்தான் எல்லா அட்டவணையும்.

டாக்டரம்மா எனக்கு எழுதிக் கொடுத்த சமரசம்: பதினாலு, இருபத்தெட்டு, பதினாலு. பிறந்து பதினாலாம் நாள் முதல் ஊசி. அங்கிருந்து இருபத்தெட்டு நாள் கழித்து இரண்டாவது. மேலும் பதினாலு நாள் அது ஊறட்டும். மொத்தம் ஐம்பத்தாறு. அதற்குப் பிறகுதான் பால் நிறுத்தமோ இடமாற்றமோ எதுவானாலும். நிகழ்ச்சியிலிருந்து பின்னோக்கி எண்ணு, கையில் கன்று சிக்கிய நாளிலிருந்து முன்னோக்கி எண்ணாதே என்பதுதான் அதன் சாரம். எல்லா மருந்துக்கும் இதே எண்கள் பொருந்தாது. சிலவற்றுக்கு ஒரே தவணை, சிலவற்றின் குறைந்தபட்ச வயது வேறு, குப்பியோடு வரும் தாளும் உங்கள் மருத்துவரும் சொல்வதுதான் கணக்கு. பின்னோக்கி எண்ணுவது மட்டும் எதற்கும் பொருந்தும்.

தாய்க்கே ஊசி போட்டுச் சீம்பாலைக் கூர்தீட்டுவதும் ஒரு வழி. ஈனுவதற்குச் சில வாரம் முன்னால், மடியில் சீம்பால் ஊறத் தொடங்கும் சமயம் போட்டால், அதற்கான புரதங்கள் சீம்பாலில் கூடுதலாக இறங்கும். கன்று குடித்தால்தான் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூக்கு வழியாக விடும் மருந்தும் இருக்கிறது. வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. பெரும்பாலும் வைரஸ்களுக்கு; மன்ஹைமியாவுக்கும் பாஸ்சுரெல்லாவுக்கும் எதிராகவும் சில நாடுகளில் கிடைக்கிறது. இது போய் வேலை செய்யும் இடம் மூக்கின் ஈரத்தோல். அங்கே சுரக்கும் எதிர்ப்புப் புரதம் வேறு ரகம், அதனால் ரத்தத்தில் இருக்கும் தாய்ப் புரதத்தின் குறுக்கீடு இங்கே குறைவு. பிறந்து சில நாட்களிலேயே கொடுக்க முடிவது அதனால்தான். கொடுப்பது மட்டும் ஒரு கலை. முதல் தடவை நான் தலையை நிமிர்த்திப் பிடித்து, முனையை மூக்கில் வைத்து, மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்துச் சரியாக அழுத்தினேன். கன்று ஒரு தும்மல் போட்டது. மருந்து முழுக்க என் சட்டையில். அதிலிருந்து கன்றின் விலாவைப் பார்த்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுக்கும்போது அழுத்துகிறேன். இப்போதும் பத்தில் ஒன்று என்னை நனைக்கத்தான் செய்கிறது.

ஊசி நாளில் கெடுவதற்கு வேறு வழிகளும் உண்டு. என் இரண்டாம் வருடத் தவறு ஃபிரிட்ஜில் நடந்தது. குப்பியைப் பின்சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ஊசி ஊசியாகப் பனி. உருகினதும் பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை, குலுக்கினால் அதே பால் நிறம். போட்டுவிடலாம் என்று கை போனது. இப்படிப்பட்ட மருந்தில் கிருமியோடு துணைமருந்து ஒன்று கலந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவது அதுதான். உறைந்தால் அதன் கட்டமைப்பு கலைந்துவிடும், பிறகு சேராது. 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருப்பதில் 8ஐப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறோம். 2க்குக் கீழே போவது அதைவிடச் சத்தமில்லாத கேடு. அந்தக் குப்பியைக் கொட்டினேன். இப்போது நடுத்தட்டில், ஒரு தெர்மாமீட்டரோடு ஒரு டப்பாவுக்குள் வைக்கிறேன். உயிருள்ள மருந்தென்றால் கலக்கிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், வெயில் படக்கூடாது, அதற்கான சிரிஞ்சைக் கிருமிநாசினி போட்டுக் கழுவவும் கூடாது. சுத்தம் என்று நினைத்து மருந்தையே கொன்றுவிடுவோம்.

அப்புறம், இந்தக் கிருமிகளின் மேல்சுவரில் என்டோடாக்ஸின் என்று ஒரு பொருள் உண்டு. ஊசி போட்ட இரவு கன்று சற்று மந்தமாக, கொஞ்சம் சூடாக இருப்பது அதனால்தான். ஒருநாளில் சரியாகிவிடும். கழுத்தில் ஒரு கட்டி சில வாரம் தங்கலாம். ஆனால் இதே இனத்துத் தடுப்பூசிகள் மூன்று நான்கை ஒரே நாளில் அடுக்கினால் அந்தப் பொருளின் மொத்தச் சுமை ஏறி, கன்று மூச்சுத் திணறி விழக்கூடும். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. போட்டுவிட்டு அரைமணி நேரம் அங்கேயே ஏதாவது வேலை பார்க்கிறேன். ஒவ்வாமையில் கன்று விழுந்தால் போட வேண்டிய அட்ரினலின், எவ்வளவு, எப்போது என்று டாக்டரம்மா எழுதிய சீட்டோடு பெட்டியில் இருக்கிறது. இதுவரை ஒருமுறைதான் எடுக்க நேர்ந்தது.

ஊசியால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. மைக்கோபிளாஸ்மா போவிஸ் அதில் முதல். அதற்குச் செல்சுவரே கிடையாது. சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை மருந்துகள் அதனிடம் தோற்கும். தடுப்பூசிகளின் பலனும் இதுவரை ஏமாற்றம்தான். ஒரு காது தொங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, முழங்கால் வீங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மடிநோய் வந்த பசுவின் பாலைக் காய்ச்சாமல் கன்றுக்கு ஊற்றும் வழக்கத்தை நிறுத்தியது இதற்குப் பயந்துதான்.

காற்று இன்னொன்று. கொட்டிலில் நான் நிற்கும் உயரத்தில் எந்த வாடையும் இல்லை. ஒருநாள் கீழே விழுந்த ஊசி மூடியைத் தேடி மண்டியிட்டேன். கண் எரிந்தது. கன்று மூக்கை வைத்துப் படுக்கும் உயரத்தில், ஊறிய மூத்திரத்திலிருந்து அம்மோனியா. மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களை அது முடக்குகிறது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை மண்டியிட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. குளிர்காலத்தில் கன்று படுத்தால் அதன் கால்கள் வைக்கோலுக்குள் மறைய வேண்டும். தெரிந்தால் இன்னும் போட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் ஊசியை மட்டும் போடுகிறவரிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். அந்த ஆள் கொஞ்ச நாள் முன்வரை நான்தான்.

சரி, ஊசி உண்மையில் வேலை செய்கிறதா? நேர்மையாகச் சொன்னால், பெரிய கன்றுகளைத் தொலைவுக்கு ஏற்றிச் சென்று கூட்டமாக வளர்க்கும் இடங்களில் மன்ஹைமியா ஊசி நோயைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. பால்குடிக் கன்றுகளில் முடிவுகள் கலவை. சிலவற்றில் பலன் தெளிவாகத் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. நான் போடுகிறேன். போட்டதால் தப்பித்த கன்று எது என்று யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. அதனால் என்னுடையது பாதி நம்பிக்கை, பாதி நோட்டுப்புத்தகம். அந்த வருடத்துக்குப் பின் இருமல் குறைந்திருக்கிறது. ஆனால் அதே வருடம்தான் வைக்கோலைக் கூட்டினேன், சீம்பாலை அளக்கத் தொடங்கினேன். எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

காதால் கேட்கும் இருமலையும் முழுசாக நம்பக் கூடாது என்று பின்னால் தெரிந்தது. சினை பார்க்கும் அதே ஸ்கேன் கருவியைக் கன்றின் விலா இடுக்கில் வைத்து டாக்டரம்மா ஒருநாள் காட்டினார். ஸ்பிரிட்டால் மயிரை நனைத்து, முனையை மெதுவாக முன்னங்கால் இடுக்குவரை நகர்த்தினார். நல்ல நுரையீரல் என்றால் திரையில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே எதிரொலியாக மேலும் கோடுகள். நன்றாகக் குடித்துக்கொண்டு, ஓடியாடிக்கொண்டிருந்த ஒரு கன்றின் முன்மடலில் அந்தக் கோடு அறுந்து, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. "இது கல்லீரல் இல்லையே?" என்றேன். "அதே மாதிரி ஆகியிருக்கு" என்றார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. வெளியே தெரிவதற்குப் பல நாள், சில சமயம் வாரங்கள் முன்னாலேயே உள்ளே தொடங்கியிருக்கும் என்றார். எனக்கு வாளி ஞாபகம் வந்தது.

வெள்ளைநெத்தி பிழைத்தாள். பசியும் ஓட்டமும் திரும்பின. ஆனாலும் வெயிலில் நடந்துவந்தால் கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்து மூச்சு வாங்குபவள் அவள்தான். அவளோடு வளர்ந்தவை ஈன்று மூன்று மாதம் ஆன பிறகுதான் அவள் ஈன்றாள். பாலும் மற்றவற்றைவிடக் குறைவு. கன்றுப் பருவத்தில் நுரையீரல் கெட்ட கிடாரிகள் இப்படித்தான் பின்தங்கும் என்று படித்திருந்தேன். தினமும் கறக்கும்போது பார்ப்பது வேறு.

அவளுடைய கன்றும் கிடாரிதான். நெற்றியில் பொட்டு இல்லை. சீம்பால் 24 காட்டியது, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிட்டது. தடுப்புக்கு மேல் தொங்கும் பலகையில் மூன்று தேதிகளைச் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்குப் பதின்மூன்றாம் நாள். நாளை காலை பால் கொடுப்பதற்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 39.5க்குக் கீழே இருந்தால்தான் குப்பியை வெளியே எடுப்பேன்.